எண்ணெயைக் காயவைத்த ஒன்பது நாட்கள்

நாட்டு மக்கள் அனைவரும் எழுந்து நிற்கவும். மூட்டுவலிக்காரர்கள் உட்கார்ந்தபடியே நின்றதாகப் பாவித்துக்கொள்ளலாம். எண்ணெய் ஈரப் பொருளா, உலர்ந்த பொருளா என்று மனித குலம் அடுப்பு மூட்டிய நாள் முதல் தவித்துவந்த கேள்விக்கு, சுங்க ஆய்வுக்கூடத்தின் உயர்மட்டக் குழு ஏழு கையெழுத்துகளோடும் ஒரு தேநீர்க் கறையோடும் விடை கண்டுவிட்டது. எண்ணெய் உலர்ந்ததுதான். ஆதாரம் கோப்பில் இருக்கிறது. கோப்பு பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி இயக்குநரிடம் இருக்கிறது. இயக்குநர் விடுப்பில் இருக்கிறார்.

இந்த மகத்தான கண்டுபிடிப்புக்குக் காரணம் ஒரு குளியலறைத் தாழ்ப்பாள்.

ஒரு வீட்டுக் குளியலறைக் கதவில் பதினாலு வருடமாகத் தாழ்ப்பாள் கிடையாது. அது இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. மகளுக்குப் பதினேழு வயதில், உள்ளே தாழிட்டுக் குளித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. அப்பா தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தாழ்ப்பாளைக் கழற்றினார். அவர் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். கழற்றிய எதையும் வாழ்க்கையில் தூக்கி எறிந்ததில்லை. தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, 'தாழ்ப்பாள், குளியலறை, குறைவின்றி' என்று எழுதி ஒட்டி, அலமாரியின் உச்சியில் வைத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். உள்ளே போனவள் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் வெளியே இருப்பவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். பாடலாமே என்றார்கள். பாடினாள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாம் நாளே வந்து, 'பாப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?' என்று மிகுந்த கவலையோடு விசாரித்தார். அதன்பிறகு அவள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள்.

இரண்டாம் வாய்ப்பாட்டில் குழாய் திறக்கும். ஒன்பது வரை தண்ணீர். பத்திலிருந்து சோப்பு. பதினாறாம் வாய்ப்பாடு என்றால் இன்று தலைக்குக் குளிக்கிறாள் என்று தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மூன்று பேர் சுவர் வழியாகவே கணக்குப் பாடத்தில் தேறினார்கள். ஒருமுறை பதினேழு எட்டில் அவளுக்கு மறந்துபோய் நின்றுவிட்டாள். "நூத்தி... நூத்தி..." என்று யோசித்துக்கொண்டிருந்த நான்காவது விநாடியில் அம்மா கரண்டியோடும் அப்பா ஸ்பேனரோடும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"நூத்தி முப்பத்தாறு!" என்று கத்தினாள் அவள், துண்டை இழுத்துக்கொண்டு. "வெளிய போங்க ரெண்டு பேரும்!"

இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. வீட்டில் இன்னும் பாப்பா. தெருவில் 'வாய்ப்பாடு'. ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஜூன் மாதத்துக்கு முப்பத்தொன்றாம் தேதி முளைத்துவிடாமல், ஒரே வாரத்தில் இரண்டு செவ்வாய் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. நாடு முழுவதும் மக்கள் சரியான நாளில் விடுமுறை எடுப்பது அவளுடைய சிவப்பு மையால்தான். ஆனால் மூடிய ஒரு கதவுக்குப் பின்னால் அவள் தனியாக, வாயை மூடிக்கொண்டு, ஐந்து நிமிடம் இருந்து பதினாலு வருடம் ஆகிறது.

மாத்திரைகள் மூன்று விதம் பார்த்தாகிவிட்டது. வலிப்பு குறைந்தது, போகவில்லை. அப்போதுதான் நரம்பு டாக்டரம்மா அந்த எண்ணெயைப் பற்றிச் சொன்னார்.

"கஞ்சாச் செடிக்கு ஒரு சாதுவான தங்கச்சி உண்டு. ஹெம்ப்னு பேரு. நாருக்காக வளர்ப்பாங்க. அதுலேருந்து எடுக்கறது இது. கன்னாபிடியால். சுருக்கமா சி.பி.டி. போதை தர்ற சரக்கு வேற, இது வேற. இது போதை தராது."

"எல்லா வலிப்புக்கும் கேக்குமா டாக்டர்?" என்றாள் அம்மா.

"கேக்காது. சில வகைக்குத்தான் ஆதாரம் இருக்கு. உங்க பொண்ணுக்கு இருக்கறது அதுல ஒண்ணு. மாத்திரையோட சேத்துத்தான் குடுக்கணும், அப்பப்ப ரத்தம் எடுத்து ஈரல் எப்படி இருக்குன்னு பாக்கணும். தூக்கம் வரும். வயிறு இளகும். இது போதை இல்ல, அதிசயமும் இல்ல. மருந்து, அவ்வளவுதான்."

சீட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர் சீட்டு இருந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்பது சட்டம். முதல் பொட்டலம் சிக்கலில்லாமல் வந்தது. காலையில் மூன்று மில்லி, மாலையில் மூன்று மில்லி. வலிப்பு நின்றது. பத்து நாள் ஆயிற்று, இருபது ஆயிற்று. நாற்பதாம் நாள் அவள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தாழ்ப்பாள்?"

அம்மா கையிலிருந்த துணியை நான்காக மடித்து, எட்டாக மடித்து, மறுபடி பிரித்தாள்.

"நூறு நாள் வரட்டும்."

டாக்டரம்மா சிரித்தார். "நூறுங்கறது மருத்துவக் கணக்கு இல்ல, உங்கம்மா கணக்கு. ஆனா மோசமில்ல. நூறு நாள் ஒண்ணும் வராம, மருந்தும் விடாம இருந்தா மாட்டுங்க, நான் தடுக்கல. குளிக்கறப்ப வீட்ல ஆள் இருக்கணும். மருந்தைத் திடீர்னு மட்டும் நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா திரும்ப வரலாம்."

அவள் தன் அச்சகத்துக் காலண்டர் ஒன்றைக் குளியலறைக் கதவிலேயே மாட்டி, ஒவ்வொரு நாளையும் சிவப்பு மையால் அடித்துவந்தாள்.

எண்பத்தொன்றாம் நாள் கடிதம் வந்தது. இரண்டாவது பொட்டலம், நூறு மில்லி குப்பிகள் மூன்று, 'ஐயத்துக்கிடமான தாவரப் பொருள்' என்று சுங்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. மாதிரி எடுத்து உலர்த்தும் பணி மூன்று நாட்களாக நடைபெறுகிறது. எண்பத்தேழாம் நாள் நேர்முக விசாரணை. கடிதத்தின் பின்பக்கம், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், விதிகள் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை.

கையில் பதினொரு நாளுக்கு மருந்து இருந்தது. அதாவது தொண்ணூற்றிரண்டாம் நாள் வரை. போதும் என்றுதான் நினைத்தார்கள். அப்போது மாமா வந்தார்.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. எந்த வீட்டில் எந்த மருந்து வந்தாலும் அது தனக்கும் ஏற்றது என்று நம்புகிறவர். பிறர் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்து, "எனக்கும் இந்த பவர்தான்" என்பார். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு வந்தவர், கஞ்சா என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வலியை மறந்தார்.

மறுநாள் காலையில் அம்மா குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"யாருடா இதுல கை வெச்சது?"

மாமா சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தார். முகத்தில் ஒரு ஞானியின் புன்னகை.

"அக்கா... சுவரெல்லாம் மூச்சு விடுதுக்கா."

"எவ்வளவு குடிச்சே?"

"கால் டம்ளர்தான். வண்ண வண்ணமா தெரியுதுக்கா. நீ கூட ஊதாவா இருக்கே."

"ஊதாக் கலர் புடவை கட்டியிருக்கேன்டா, மடையா!"

அப்பா படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்தார். "மச்சான், அதுல போதையே கிடையாது."

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். "கிடையாதா?"

"சொட்டுக்கூடக் கிடையாது."

"அப்ப எனக்கு ஏன் அத்தான் இப்படி இருக்கு?"

"எப்பவும் அப்படித்தானே இருக்கே."

ஞானம் கலைந்தது. ஆனால் டாக்டரம்மா சொன்னதில் மீதி இரண்டும் உண்மை என்பதை மாமாவின் உடம்பு ஒன்றன்பின் ஒன்றாக நிரூபித்தது. மத்தியானம் வரை தூங்கினார். எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைத் தேடினார். நான்கு ஓட்டைகள் இருந்தன.

"இங்க தாழ்ப்பாள் எங்க?"

"இந்த வீட்ல கிடையாது மாமா," என்றாள் பாப்பா வெளியிலிருந்து, மிகுந்த மரியாதையோடு. "வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா உள்ள வந்துடுவோம். அதான் சட்டம்."

"எனக்கு ரெண்டாம் வாய்ப்பாடுதான்மா தெரியும்!"

"அதையே சொல்லுங்க. அவசரமில்ல."

அன்று மாலைவரை அந்த வீட்டில் ஈரெட்டுப் பதினாறு என்ற உண்மை நாற்பது தடவைக்கு மேல் உறுதி செய்யப்பட்டது. சிரித்துச் சிரித்து அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. அப்புறம் அவள் குப்பியை மறுபடி தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கால் டம்ளர் என்றால் இருபத்தைந்து மில்லி, நாலு நாள் மருந்து. தொண்ணூற்றிரண்டு என்பது எண்பத்தெட்டு ஆகிவிட்டது. கணக்குச் சொல்ல அந்த வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

மாமா தலையைக் குனிந்துகொண்டு, "கடையில அதே எண்ணெய் விக்கறான்மா. சர்க்கரை, சொட்டை, பிள்ளைங்க படிப்பு, எல்லாத்துக்கும் ஆகுமாம். வாங்கிட்டு வரட்டா?" என்றார்.

டாக்டரம்மாவைக் கேட்டார்கள். "அந்தக் குப்பியில லேபிள்தான் நிஜம். உள்ள என்ன இருக்குன்னு அளந்து பாத்தவன் யாரும் இல்ல. வேண்டாம்," என்று ஃபோனை வைத்தார்.

ஆக எல்லாம் சுங்க ஆய்வுக்கூடத்தின் கையில் இருந்தது.

ஆய்வுக்கூடத்தின் இயக்குநரை எல்லோரும் 'மேன்மை' என்பார்கள், முதுகுக்குப் பின்னால். அவர் அறைக் கதவில் பெயருக்கு அடியில் பட்டங்கள் எழுதி, இடம் போதாமல் கதவு நிலையிலும் தொடர்ந்திருந்தார்கள். முப்பது வருடமாக அவரிடம் வந்ததெல்லாம் இலை, தண்டு, பூ, விதை. ஒரு படிவம் வைத்திருந்தார். செடியின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, வேரின் தன்மை. எண்ணெய்க்கும் அதே படிவம்தான். நிரப்பியவர் எடை போடும் வேதியியலாளர். 'தராசம்மா' என்று பெயர். உயரம் என்ற இடத்தில் குப்பியின் உயரத்தை எழுதினார். இலைகள் என்ற இடத்தில் 'உதிர்ந்துவிட்டன' என்று எழுதினார். வேர் என்ற இடத்தில் 'வெளிநாட்டில்' என்று எழுதினார். மேன்மை மூன்றையும் படித்து, சரிபார்த்து, கையெழுத்திட்டார்.

சட்டம் இதுதான்: போதை தரும் சரக்கு, ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, உலர் எடையில். இயந்திரம் முதல் நாளே சொல்லிவிட்டது, பதினாயிரத்தில் நாலு பங்குதான் என்று. ஆனால் உலர் எடை? செடி என்றால் அடுப்பில் வைத்துக் காயவைத்து எடை போடுவார்கள். எனவே எண்ணெயையும் காயவைத்தார்கள். பத்து கிராம் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார்கள். மேன்மையின் விரலுக்கென்று தனியாக இன்னொரு கிண்ணம்.

ஏனென்றால் மேன்மைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் செடி காய்ந்தாலும் அவரே வந்து இரண்டு விரலுக்கிடையில் வைத்து நொறுக்கிப் பார்ப்பார். சரசரவென்று நொறுங்கினால்தான் உலர்ந்தது. ஒன்பது நாளும் தினமும் காலை பத்தரைக்கு வந்தார். ஆறிய எண்ணெயில் இரண்டு விரலை வைத்தார். தேய்த்தார்.

"இன்னும் பிசுபிசுன்னு இருக்கே."

"எண்ணெய் சார்," என்றார் தராசம்மா.

"தெரியும். தீ பத்தல. இன்னும் ஒரு நாள் வைங்க."

எண்பத்தேழாம் நாள் காலையில், குப்பியின் அடியில் இன்னும் நாலே வேளைக்கு எண்ணெய் இருந்தபோது, அம்மாவும் பாப்பாவும் குழுவின் முன் போய் உட்கார்ந்தார்கள். மாமாவும் கூட வந்தார், பிராயச்சித்தமாக. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

நீள மேசைக்கு அந்தப்பக்கம் ஏழு பேர். போதைத் தடுப்பு, மருந்து, உணவு, அழகுசாதனம், வேளாண்மை ஆகிய ஐந்து துறைகளிலிருந்து ஆளுக்கொருவர். நடுவில் மேன்மை. ஏழாமவர் தேநீர் கொண்டுவந்தவர். காலியாக இருந்த நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். அவரை எந்தத் துறை என்று கேட்க யாருக்கும் துணிவில்லாததால் உறுப்பினராகிவிட்டார்.

ஒரு மணி நேரம் அந்த எண்ணெய் யாருடையது என்று பேசினார்கள். யாருக்கும் அது வேண்டாம். உணவுத் துறை, "நோய் தீரும்னு சொல்லிட்டா அது உணவில்லை," என்றது. மருந்துத் துறை, "சீட்டு இருக்கு, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா செடியிலேருந்து வந்ததாச்சே," என்றது. வேளாண்மை, "வேர் இல்லாத எதுவும் எங்க பொறுப்பில்லை," என்றது. அழகுசாதனத் துறை அம்மையார் மட்டும் உற்சாகமாக, "முகத்துல தடவிக்கறதா இருந்தா இப்பவே எடுத்துட்டுப் போகலாம்," என்றார்.

"குடிக்கணும்மா," என்றாள் அம்மா.

"குடிக்கறதுன்னா கஷ்டம்."

"ஆக," என்று மேன்மை தொண்டையைச் செருமினார், "இந்தத் திரவம் தோலுக்கு வெளியே சட்டபூர்வமானது. தோலுக்கு உள்ளே விவாதத்துக்குரியது. குறித்துக்கொள்ளுங்கள்." அவர் வாயைத் திறந்தால் அச்சடித்த மாதிரிதான் வரும். "உலர் எடை கிடைக்காத வரை முடிவெடுக்க இயலாது. உலர்த்தும் பணியை மேலும் முப்பது நாட்களுக்கு நீட்டிக்க உத்தேசம்."

அம்மாவின் கை பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தது. முப்பது நாள். நாளை மாலைக்கு அப்புறம் குப்பியில் ஒன்றுமில்லை. பாப்பாவுக்குக் கதவு நினைவுக்கு வந்தது. அதன் நான்கு ஓட்டைகளும். எண்பத்தாறு சிவப்புக் கோடுகளும், கோடு போடாத கட்டங்களும்.

"எடைக் குறிப்பை வாசியுங்கள்," என்றார் மேன்மை, சடங்குக்காக.

தராசம்மா மேசையின் ஓரத்திலிருந்து எழுந்து நோட்டைப் பிரித்தார். "முதல் நாள், பத்து கிராம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். ரெண்டாம் நாள், பத்து கிராம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். மூணாம் நாள், பத்து கிராம் பூஜ்யம் பூஜ்யம்..."

ஒரே குரலில் ஒன்பது நாளையும் வாசித்தார். யாரோ கொட்டாவி விட்டார்கள். பாப்பா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரே எண் வரிசையாக ஒன்பது முறை வந்தால் அவள் கை தன்னால் சிவப்புப் பேனாவைத் தேடும்.

"சார், ஒரு சந்தேகம்."

"சுருக்கமாக."

"ஒரே நம்பர் ஒன்பது தடவ வருது. எங்க பிரஸ்ல இப்படி வந்தா தப்புன்னு வட்டம் போடுவேன். இது தப்பா, இல்ல எடையே மாறலியா?"

"தப்பா?" மேன்மையின் குரல் ஒரு படி ஏறியது. "இந்தத் தராசு ஓர் இமைமுடியின் எடையைச் சொல்லும். ஒன்பது நாளும் எடை இம்மியும் மாறவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்."

"போடுங்க சார்."

போட்டார். கோபத்தில் தேதியும் போட்டார்.

பாப்பா கடிதத்தைத் திருப்பினாள். உலகத்தில் இதுவரை எவரும் படித்திராத பின்பக்கம். அவள் படித்திருந்தாள். எழுத்து எவ்வளவு சிறிதோ அவ்வளவு கவனமாகப் படிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"விதி பதினாலு. 'அடுத்தடுத்த இரு எடைகளுக்கிடையே வேறுபாடு இல்லையெனில், மாதிரி உலர்ந்ததாகக் கொள்ளப்படும்.' அப்படின்னா ரெண்டாம் நாளே காய்ஞ்சிடுச்சே சார்?"

மேன்மை கடிதத்தை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார்.

"ஆனால்," என்றார் மேன்மை, தன் இரண்டு விரல்களைப் பார்த்தபடி, "பிசுபிசுப்பு?"

"பிசுபிசுப்பைப் பத்தி இருபத்திரண்டு விதியிலயும் ஒரு வார்த்தை இல்ல சார்."

மருந்துத் துறைக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வேளாண்மை எட்டிப் பார்த்தார். தராசம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"ரெண்டாம் நாளே தெரியும்மா. ஆனா என் வேலை எடை போடறது. காய்ஞ்சுதுன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்ல."

"அட, அப்ப எண்ணெய் காய்ஞ்சிடுச்சுங்க," என்றார் ஏழாவது உறுப்பினர், காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே. "எழுதிக் குடுத்து அனுப்புங்க. அந்தம்மா மூஞ்சியப் பாருங்க."

அந்தம்மா என்பது அம்மா. எல்லோரும் பார்த்தார்கள். அவள் அழவில்லை. அழாமல் இருப்பதற்காக அவள் முகம் செய்துகொண்டிருந்ததுதான் பார்க்க முடியவில்லை.

தோற்பது எப்படி என்று மேன்மைக்கு எந்தப் பட்டத்திலும் சொல்லித்தரவில்லை. எனவே அவர் வென்றார். எழுந்து நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தொடக்கம் முதலே தாம் சந்தேகித்துவந்தது இன்று நிரூபணமாகிவிட்டதாகவும், ஒன்பது நாள் இடையறாத ஆய்வின் பயனாக எண்ணெய் ஓர் உலர்ந்த பொருள் என்று இக்கூடம் கண்டறிந்திருப்பதாகவும் அறிவித்தார். ஏழு பேரும் கையெழுத்திட்டார்கள். ஏழாமவர் கோப்பையைக் கோப்பின் மேல் வைத்துவிட்டுப் போட்டதால் கறை ஏற்பட்டது. உலர்ந்த எண்ணெயின் இரண்டரைக் குப்பியும், யாரும் பிரித்துப் பார்க்காத டாக்டர் சீட்டும், ஒரு ரசீதும் பாப்பாவின் கைக்கு வந்தன. வாசல் வரை வந்த மேன்மை குரலைத் தாழ்த்தி, முதன்முறையாக மனிதர்கள் பேசுவதுபோல் பேசினார்.

"ஏம்மா, இது முழங்காலுக்குக் கேக்குமா?"

"கேக்காதுங்க," என்றார் பெஞ்சிலிருந்து மாமா. "வேற எடத்துக்குக் கேக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தா குடிங்க."

"உங்க விரலுக்கு நல்லா ஆயிருக்கு சார்," என்றார் தராசம்மா. உண்மைதான். ஒன்பது நாளில் அந்த இரண்டு விரல்கள் மட்டும் குழந்தை விரல்போல் ஆகியிருந்தன.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். பாப்பா பதினேழாம் வாய்ப்பாட்டை மெல்லச் சொன்னாள். பதினேழு எட்டில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா அவரிடம், "காய்ஞ்ச எண்ணெய்ங்க. போதையெல்லாம் இல்ல," என்று விளக்கம் சொன்னார்.

எண்பத்தெட்டு தாண்டியது. தொண்ணூற்றிரண்டு தாண்டியது. தொண்ணூற்றொன்பதாம் நாள் அம்மா தூங்கவில்லை, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. நூறாவது சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டுப் பாப்பா பேனாவை மூடினாள்.

அப்பா நாற்காலி போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினார். லேபிளை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். 'குறைவின்றி'. பழைய நான்கு ஓட்டைகளில் அதே நான்கு திருகாணிகளை முறுக்கினார். பதினாலு வருடத்துக்குப் பின் ஒரு திருகாணியும் தொலையவில்லை என்பதில் அவருக்கு இருந்த பெருமை, மகள் குணமானதில் இருந்த பெருமையோடு கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் முகத்தில் நின்றது.

"போ பாப்பா."

அவள் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் உடனே போகவில்லை. ஒரு தள்ளு தள்ளினாள். முனகியது. இன்னொரு தள்ளு. 'டக்'.

பிறகு நிசப்தம்.

வெளியே அம்மா, அப்பா, மாமா மூவரும் கதவைப் பார்த்து நின்றார்கள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரெண்டாம் வாய்ப்பாடு வரவில்லை. தண்ணீர் விழுந்தது. ஒன்பதாம் வாய்ப்பாட்டு நேரம் கடந்தது. அம்மாவின் கை தானாகக் கதவுக்கு உயர்ந்தது. அப்பா அதைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சும்மா இரு. பேசாம இருக்கா. பேசாம இருக்கட்டும்."

"எவ்வளவு நேரங்க?"

"எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம்."

மாமா உதட்டை அசைத்து, சத்தமில்லாமல், ஈரெட்டுப் பதினாறு என்று சொல்லிக்கொண்டார். தெருவில் யாரும் எதையும் கூட்டவோ பெருக்கவோ இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரோரமாக வந்து, "என்னங்க, இன்னிக்கு வாய்ப்பாடு இல்லியா?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ்" என்றார்கள். அவரும் நின்றார்.

உள்ளே அவள் குளித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. கவிழ்த்த வாளியின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் குழாய் சொட்டும் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும். பதினாலு வருடமாக அவள் சத்தத்தில் அது கேட்டதே இல்லை. எண்ணவில்லை. எட்டால் பெருக்கவில்லை. சும்மா இருந்தாள். நாற்பது நிமிடம் கழித்து, தானே அறியாமல், வாய்விட்டுச் சிரித்தாள்.

வெளியே அம்மாவும் சிரித்தாள். சுவரோரம் நின்றவரும் ஏனென்று தெரியாமல் சிரித்தார்.

அப்புறம் உள்ளே தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. மறுபடி.

"அப்பா, தொறக்க வரல!"

அப்பா இந்தப்பக்கத்திலிருந்து தள்ளினார், தட்டினார், ஸ்பேனரால் நெம்பினார். பதினாலு வருடம் டப்பாவுக்குள் இருந்ததில் தாழ்ப்பாள் துருவேறியிருந்தது. மாமாவும் அவரும் தோளால் இடித்துக் கதவை உடைத்தார்கள். எண்ணெய்க்காக ஏழு பேர் கையெழுத்து வாங்கிய வீட்டில், தாழ்ப்பாளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போட யாருக்கும் தோன்றவில்லை.